'வெளியேறவும்' என்ற சொல்லுக்கு எதிராக

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கொட்டகலையில் தமிழ் கற்பிக்கும் என்னிடம் ஒரு திட்டத்தார் 'வெற்றிக் கதை' கேட்டார்கள். ஒரு பக்கம் போதும். கூடவே ஒரு படம். படத்தில் பயனாளி சிரிக்க வேண்டும். வானிலைத் தரவுகளைத் தேடியெடுத்துத் திரையில் காட்டும் மென்பொருளைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பழக்க, அவர்கள் ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சிப்பட்டறை நடத்தியிருந்தார்கள். பாடசாலை சார்பில் நானும் போயிருந்தேன். இரண்டு பேருக்கு ஒரு மடிக்கணினி. என்னோடு பங்குபோட்டவர் றோசலின். தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். பட்டறை முடிந்து கொஞ்ச நாளில் ஒரு பெருமழை வந்தது. அந்த மழையில் றோசலின் செய்த காரியத்தைத்தான் எழுதித் தரச் சொன்னார்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பின்தங்கிய தோட்டமொன்றில் பிறந்து, வறுமையின் பிடியில் வளர்ந்த றோசலின்…"

தொலைபேசியில் றோசலினுக்கு வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் ஒரு குழந்தை வீரிட்டது. அதை அமர்த்திவிட்டுக் கேட்டார்.

"பின்தங்கினதுன்னா, யாருக்குப் பின்னாடி டீச்சர்?"

அடித்துவிட்டேன். இரண்டாவது:

"பனி போர்த்திய பச்சை மலைகளின் மடியில்…"

"அது தேயிலப் பெட்டி மேல ஒட்டுறதுங்க."

அதையும் அடித்தேன். மூன்றாவதை வாசிக்கவே அவர் விடவில்லை. "அந்தக் கல்யாண மண்டபத்துல நடந்த சண்டையில ஆரம்பிங்க. அதானே உங்களுக்கும் நேராத் தெரியும்" என்றார்.

சரி, சண்டையில் ஆரம்பிக்கிறேன்.

(இதுவரை 'அவர்'. இனி 'அவள்'. கதைக்குள் வருகிறவர்களுக்கு மரியாதை குறைவதில்லை. தூரம்தான் குறைகிறது. பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சரை நான் ஓரமாக நிறுத்திவிட்டேன். இது றோசலினுடைய கதை.)

2

ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கிறது அந்த மண்டபம். முந்தின நாள் கல்யாணத்துக்கு ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிய அன்னங்கள் இரண்டு மேடையிலேயே நின்றன. அவற்றுக்கு நடுவே வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயிற்சி தந்த வளவாளர் கணேசமூர்த்தி கொழும்பிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பொறுமைசாலி. மழைமானி இருக்கும் இடத்தைத் தெரிவு செய்வது, திகதியைக் கொடுப்பது, பெய்த மழையை வரைபாக்கிப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒவ்வொரு மேசையாக வந்து காட்டினார்.

றோசலினுக்கு வரைபுகளைவிட வரைபடம்தான் பிடித்தது. கடலின் மேல் பச்சையாகக் கிளம்பி, மஞ்சளாகி, மலைகளில் முட்டிச் சிவந்து நிற்கும் மேகக் கூட்டம். பிறந்ததிலிருந்து மழையைக் கீழேயிருந்து பார்த்தவள் அவள். மேலேயிருந்து பார்க்கக் கிடைத்ததும், விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டேயிருந்தாள். பக்கத்து டீச்சருக்கு முறை கிடைக்கவேயில்லை.

கடைசி நாள் பின்னேரம் எச்சரிக்கை அனுப்பும் பயிற்சி. வரைபடத்தில் ஒரு இடம் சிவந்தால், அந்த இடத்து ஆட்களின் தொலைபேசிகளுக்குச் செய்தி போக வேண்டும். செய்தி ஏற்கெனவே மூன்று மொழியிலும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. 'அனுப்புக' என்ற பொத்தானை அழுத்துவது மட்டுமே வேலை. தமிழில் இப்படி இருந்தது:

"நீங்கள் மண்சரிவு அபாய வலயத்தில் உள்ளீர்கள். உடனடியாக வெளியேறவும்."

எல்லா மேசைகளிலிருந்தும் அழுத்தினார்கள். மண்டபம் முழுக்கத் தொலைபேசிகள் கிணுகிணுத்தன. றோசலின் மட்டும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கணேசமூர்த்தி வந்து குனிந்தார். "என்ன பிள்ளை, கொம்பியூட்டர் நிண்டிட்டுதோ?"

"அது ஓடுது சேர். நான்தான் நின்னுட்டேன்."

"ஏன்?"

"இத அனுப்பினா எங்க லயத்துல ஒருத்தரும் வரமாட்டாங்க. கதவச் சாத்திக்குவாங்க."

"மண்சரிவு வரப்போகுது எண்டு சொன்னாப் பிறகுமோ?"

"மண்ணு வரும்னு சொன்னா வருவாங்க. வெளியேறுன்னு சொன்னா வரமாட்டாங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. "நீங்கள் சொல்லுறது எனக்கு முழுசா விளங்கேல்ல. ஆனா இந்த வசனத்தை நான் மாத்தேலாது. ஒரு குழு இருந்து அங்கீகரிச்சது. மென்பொருளுக்குள்ள பூட்டி வச்சிருக்கு."

"பூட்டியாச்சுன்னா அப்புறம் எங்கள எதுக்கு சேர் கூப்பிட்டீங்க? பொத்தான அமுக்கவா?"

மேடையில் அன்னங்கள் இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

3

இங்கே கதையை நிறுத்தி ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் நாலாம் பகுதிக்குத் தாண்டலாம். ஆனால் தாண்டினால் சண்டை ஏன் வந்தது என்று தெரியாது.

அகராதியில் 'வெளியேறு' ஒரு குற்றமும் செய்யாத சொல். உள்ளேயிருந்து வெளியே போ. அவ்வளவுதான். ஆனால் சொற்கள் அகராதியில் குடியிருப்பதில்லை. றோசலின் இருக்கும் லயத்தில், தோட்டத்து வரிசைக் காம்பராக்களில், அந்தச் சொல் ஒரு கதவில் குடியிருந்தது.

கதவு மீனம்மாவுடையது. றோசலினின் காம்பராவுக்கு அடுத்த காம்பரா. ஒரு ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். காம்பரா கம்பனியுடையது; அதில் இப்போது தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்த ஆள் யாரும் இல்லை. அதனால் தோட்டத்து ஆபிசிலிருந்து ஒரு காகிதம் ஒட்டினார்கள். 'இந்த வீட்டிலிருந்து உடனடியாக வெளியேறவும்.'

மீனம்மா அதை உரித்தாள். அடுப்பு மூட்டினாள். அந்த நெருப்பில் தேத்தண்ணி வைத்து, பதில் கேட்டு வந்த ஆபிஸ் ஐயாவுக்கே ஒரு கோப்பை கொடுத்தாள். "குடிங்க ஐயா. ஒங்க காயிதத்துல கொதிச்சதுதான்."

(இந்த இடத்தை நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நானும் நம்பவில்லை. மீனம்மாவிடமே கேட்டேன். "சீனி போட்டுத்தான் குடுத்தேன்" என்றாள்.)

அந்த நாளிலிருந்து மீனம்மா லயத்தை விட்டு எங்கும் போவதில்லை. கல்யாணம், சாவு எதற்கும் போவதில்லை. போனால் அந்த நேரம் பார்த்து ஆபிஸ் பூட்டு விழும் என்று அவளுக்குப் பயம். அவளைப் பார்த்து, ஓய்வு பெற்ற மற்றவர்களும் முறைவைத்து வீட்டில் ஆள் இருத்தினார்கள். ஒரு லயமே இப்படித் தன்னைத்தானே காவல் காத்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே மலை.

அந்த லயத்துக்குத்தான் 'உடனடியாக வெளியேறவும்' என்று அனுப்பச் சொன்னார்கள். அதே இரண்டு சொற்கள்.

4

கணேசமூர்த்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுளுவாக ஓடும். ஒரு பிரதியில் அப்படித்தான் எழுதினேன்: "கணேசமூர்த்தி ஏளனமாகப் புருவத்தை…"

வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை. அவர் புருவத்தை ஒன்றும் செய்யவில்லை. தேநீர் இடைவேளையில் றோசலினைத் தேடி வந்து, கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். மீனம்மாவின் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நான் சின்னப் பெடியனா இருக்கேக்க, யுத்தம் நடந்த நேரம், எங்கட ஊருக்கும் அதைத்தான் ஒலிபெருக்கியில சொன்னவை. வெளியேறுங்கோ எண்டு. ஐயா வெளிக்கிட மாட்டன் எண்டு நிண்டவர். அம்மா இழுத்துக்கொண்டு வந்தா. அதாலதான் நான் இண்டைக்கு உயிரோட நிக்கிறன் பிள்ளை."

"வீடு?" என்றாள் றோசலின்.

அவர் பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். "வீடு இல்லை."

"உங்க உசுரக் காப்பாத்துன சொல்லு சேர். வேணாங்கல. ஆனா அது எங்க ஆளுங்கள வீட்டுக்குள்ளேயே வச்சுக் கொன்னுரும். எங்களுக்கு வேற சொல்லு குடுங்க."

அவர் தலையாட்டினார். ஆனால் வசனத்தை மாற்றவில்லை. மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. இரண்டும் உண்மை. கடைசிப் பயிற்சியை முடிக்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்பது விதி. எல்லாரும் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். றோசலின் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தாள். தலவாக்கலை பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. இறங்கும்வரைக்கும் தனக்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

5

கார்த்திகை மழை. விடாமல் பெய்துகொண்டிருந்தது. அன்று காலை, லயத்துக்கு எதிரே இருக்கும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் குறைவு. மழைக்கு மலையேறாமல் தாய்மாரில் பாதிப் பேர் லயத்திலேயே இருந்துவிட்டார்கள். றோசலின் ஒரு காலால் ஏணைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்தாள். மேகம் நகரவேயில்லை. மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு அங்கேயே நின்றது. பக்கத்துத் தோட்டத்து மழைமானியின் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

தொலைபேசி சிணுங்கியது. செய்தி வந்துவிட்டது. 'உடனடியாக வெளியேறவும்.' லயம் முழுக்க ஒரே நேரத்தில் கிணுகிணுப்பு. றோசலின் வாசலுக்கு வந்து பார்த்தாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. இன்னொன்று. மீனம்மாவின் கதவு உள்ளே தாழ் போடும் சத்தம் மழையிலும் கேட்டது.

(இங்கே 'அவள் நெஞ்சு பதைத்தது' என்று எழுதியிருந்தேன். "பதைக்கலங்க, கோவம்தான் வந்துச்சு" என்றாள். மாற்றிவிட்டேன்.)

அவளுக்குக் கோபம் வந்தது. குழந்தைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் கொடுத்து, கீழே, மலையை விட்டுத் தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாள். கோயில் சாவி தலைவர் அழகுமுத்துவிடம்; அவரையும் வழியில் கூட்டிக்கொண்டாள். தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

"தலைவரே, மைக்க போடுங்க."

"தொரைகிட்டக் கேட்டுட்டியா?"

"மழை கேட்டுட்டா வருது? போடுங்க."

அழகுமுத்து கோயில் கதவைத் திறந்தார். பிறகு பெட்டரியை இணைத்தார். மாரியம்மன் கோயில் மைக்கில் யேசுவைக் கும்பிடும் வேதக்காரப் பொம்பளை பேசுவதா என்று யாரும் கேட்கவில்லை. அவள் பேசியதை, கேட்டவர்கள் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

"லயத்து ஆளுங்க எல்லாருக்கும். நான் பிள்ளைக்காம்பரா றோசலின் பேசுறேன். மழை செவப்புல நிக்குது. மேல இருக்க மண்ணு தாங்காது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. கவனமாக் கேளுங்க, யாரும் வீட்ட விட்டுப் போகல. வீட்டப் பூட்டிட்டு வர்றோம். சாவிய இடுப்புல சொருகிக்கங்க. பூட்டுறது நாம. தெறக்கிறதும் நாமதான்."

கதவுகள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து, திரும்பி நின்று, ஆளுக்கொரு பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். பிறகு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தார்கள்.

மீனம்மா வரவில்லை. றோசலின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான்தான்."

"கேட்டேன். நீ போ புள்ள."

"மைக்குல சொன்னது ஒங்களுக்காகத்தான்."

"எங்கிட்ட பூட்டு இல்ல. உள்தாழ் மட்டும்தான். எங்கேயும் போகாதவளுக்கு எதுக்குப் பூட்டு?"

றோசலின் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள். அங்கே தொங்கிய பெரிய பித்தளைப் பூட்டைச் சாவியோடு எடுத்து வந்தாள். கதவிடுக்கு வழியே நீட்டினாள். உள்ளே ஒரு கை அதை வாங்கியது. தாழ் விலகியது. மீனம்மா படி இறங்கி, தன் கையாலேயே பூட்டினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இது கம்பனிப் பூட்டாச்சே?"

"இப்ப ஒங்க பூட்டு. நடங்க."

6

இந்த இடத்தில் ஒரு கதைக்கு முடிவு தேவைப்படுகிறது. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று, திட்டத்தார் விரும்பியது. கடைசி ஆள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் மலை சரிகிறது. லயம் மண்ணுக்குள். மென்பொருள் வெல்கிறது. றோசலின் சிரிக்கிறாள். படம்.

இன்னொன்று, மலை அசையவேயில்லை. மறுநாள் வெயில். எல்லாரும் அவளைக் கேலி செய்கிறார்கள். அவள் தலை குனிந்து…

மூன்றாவதை எழுதும்போது என் கண்ணே கலங்கியது. கோழிக் கூட்டைத் திறந்துவிட மறந்த மீனம்மா பாதி வழியில் திரும்பிப் போகிறாள். மண் வருகிறது. கையில் சாவியோடு அவளைத் தோண்டி எடுக்கிறார்கள். மலையகக் கதை என்றால் கடைசியில் யாராவது மண்ணுக்குள் போக வேண்டும் என்று எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பழகியிருக்கிறோம்.

றோசலின் மூன்றாவதைக் கடைசிவரை கேட்டாள். "மீனம்மா அக்காகிட்டயே படிச்சுக் காட்டுங்க" என்று தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டாள். வாசித்தேன். முழுக்கக் கேட்டாள் மீனம்மா.

"என்னைய ஏன் டீச்சர் கொல்லுற? நான் உசுரோட இருந்தா ஒனக்குக் கதை வராதா?"

மூன்றையும் கிழித்தேன்.

நடந்தது இது. மலையில் ஒரு பக்கம் வாய் பிளந்தது. கொஞ்சம் மண் இறங்கி, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானை மூடி, அடுப்பெரியும் இரண்டு குசினிகளின் சுவர்களை உள்ளே தள்ளிவிட்டு நின்றது. மிச்ச மலை விழவும் இல்லை, உறுதியாக நிற்கவும் இல்லை. மேலே தொங்கிக்கொண்டிருந்தது. சனங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

கணேசமூர்த்தி தொலைபேசியில் பேசினார். "பிள்ளை, சான்றிதழை இப்ப அனுப்பிவிடுறம். அறிக்கையில எங்கட எச்சரிக்கைச் செய்தியாலதான் சனம் தப்பினது எண்டு போடவேணுமாம்."

"ஒங்க செய்தி வந்ததும் கதவச் சாத்துனாங்க சேர். அதையும் போடுங்க. அப்புறம் அந்தச் சொல்ல எடுங்க. சான்றிதழ் வேணாம்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "உம்மட வசனத்தை ஒருக்காச் சொல்லும், எழுதி எடுக்கிறன்" என்றார் அவர். சொன்னாள். எழுதிக்கொண்டார். அதைக் குழு ஏற்றுக்கொண்டதா என்று இதை எழுதும்வரை தெரியாது.

7

மழை கொஞ்சம் விட்டதும் தோட்டத்தை நடத்தும் துரை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நானும் அன்று அரிசியும் பால்மாவும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதனால் இந்தப் பகுதிக்கு நானே சாட்சி.

பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்களும் ஈரத் துணிகளும் குழந்தைகளும். துரை சப்பாத்தைக் கழற்றாமல் நடுவே வந்து நின்றார்.

"மழ விட்டாச்சி. நாளைக்கி காலையில பெரட்டுல ஆள் எண்ணி வேலை குடுப்போம். எல்லாம் லயத்துக்குப் போங்க. இல்லாட்டி பேர் இல்ல, சம்பளமும் இல்ல."

"மேல மலை விரிஞ்சிருக்கு சேர்" என்றார் அழகுமுத்து.

"அது நாங்க பாத்துக்கிறோம்."

மீனம்மா பாயிலிருந்து எழுந்தாள். "எனக்கு ஒன்னு வெளங்கல தொர. அன்னைக்கு வெளியேறுன்னு கதவுல ஒட்டுனீங்க. இப்ப உள்ள போங்கிறீங்க. மலை விழுற வரைக்கும் நான் எங்க நிக்கிறது?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். துரையின் காதுகள் சிவந்தன.

"என்ன வேணும் ஒங்களுக்கு?"

றோசலின் பதில் சொன்னாள். முன்னாலேயே எல்லாரும் கூடிப் பேசி வைத்திருந்த பதில். "இந்த மலைக்குக் கீழ இனி வேணாம் சேர். வேற எடத்துல காணி. எங்க பேருல, உறுதிப் பத்திரத்தோட. அது வர்ற வரைக்கும் இங்கதான். வேலைக்கு வருவோம். பெரட்டுக்கு வருவோம். படுக்க அங்க போகமாட்டோம்."

"மழைதான் விட்டாச்சே!"

"விடல சேர்."

பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரும் மடிக்கணினியும் ஏற்கெனவே மேசையில் இருந்தன. ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். மடிக்கணினியில் அந்த மென்பொருள். மண்டபத்துச் சுவரில் தீவு தெரிந்தது. தீவைச் சுற்றிக் கடல். கிழக்கே கடலின் மேல் அடுத்த மேகக் கூட்டம், ஓரம் பச்சையும் நடு சிவப்புமாக, கரையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

துரை அசையவில்லை. புரொஜெக்டருக்கும் சுவருக்கும் நடுவே நின்றார். கடலின் சிவப்பு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்து, நெஞ்சில் ஊர்ந்தது. சுவரில், மலைநாடு இருக்க வேண்டிய இடத்தில், அவருடைய நிழல்.

மீனம்மா சொன்னாள்.

"தொர, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மழைய மறைக்கிறீங்க."

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவர் நகர்ந்தார் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். நகரவில்லை என்று எழுதினால் அவரைத் திட்டிவிட்டு, அதுவும் நிம்மதியாக, மூடுவீர்கள். அந்த மண்டபத்தில் இருந்த யாருக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. உங்களுக்கு மட்டும் எதற்கு?

ஆகவே அவரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போகிறேன். மேகம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. சனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் எழுந்திருப்பதாக இல்லை. உங்களுக்கும் பாயில் இடம் விட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து, நீங்களும் அவரைப் பாருங்கள். அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை, பார்க்கிறவர்களின் எண்ணிக்கைதான் முடிவு செய்யும்.